விபூதி பூசிய எஞ்சின்

நேசையனின் படகில், பின்னால் தொங்கும் எஞ்சினைத் தூக்கினால் மேலே நிற்காது. பொத்தானை அமுக்கினால் ஹைட்ராலிக் முக்கி முனகி மேலே கொண்டுபோகும். ஒரு பீடி எரிந்து முடிவதற்குள் சாவகாசமாகத் தண்ணீருக்குள் திரும்பிவிடும். இறங்கிய இடத்தில் எண்ணெய் மினுமினுவென்று படரும். ஆறு கடலில் சேரும் பூவார் பொழியில் மணல் இன்று எங்கே குவியும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினைத் தூக்க முடியாத படகு மணலில் குத்தி நிற்கும். சவாரிக்கு வந்தவர்கள் இறங்கித் தள்ள வேண்டும். போன மாதம் இரண்டு தடவை தள்ளினார்கள். ஒரு புதுமாப்பிள்ளை பட்டுவேட்டியோடு.

அன்று மூன்று மணிக்குப் படகுச் சோதனை. தண்ணீரில் எண்ணெய் கண்டால் சான்றிதழ் இல்லை. அடுத்த சோதனை வருவதற்குள் கிறிஸ்துமஸ் கூட்டம் வந்து போய்விடும். லைசென்ஸ் மனைவி விலாசினியின் பெயரில் இருந்ததால் கவலையும் அவள் பெயரில்தான் இருந்தது. படகு மெக்கானிக்குகள் யாரும் போனை எடுக்காததால் பாறசாலையிலிருந்து பரமசிவனை அவள் ஸ்கூட்டரில் ஏற்றி வந்தாள். பரமசிவன் கல்லுடைக்கும் பாறைமடைகளில் ஜேசிபி பழுதுபார்ப்பவர். மலையை இடித்தாலும் படகை ஓட்டினாலும் ஹைட்ராலிக் ஒன்றுதான் என்பது அவர் கொள்கை. படகில் ஏறியது இதுதான் முதல் தடவை என்பதால், கொள்கையைச் சொல்லும்போதும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார்.

எஞ்சினைத் தூக்கும் தண்டில் எண்ணெயை அடைக்கும் சீல் போய்விட்டது, மொத்தமாகக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், மூன்று நாளாகும் என்றார். நேசையன் உடனே தலையாட்டினார். பழைய எஞ்சின், சீல்தான் என்று ஒரு மாதமாக அவரும் அதையே சொல்லி வருகிறார்.

“எங்க கசியுதுன்னு கண்ணால காணாம ஒண்ணையும் கழத்தாண்டாம்,” என்றாள் விலாசினி.

எல்லா இடமும் எண்ணெயாக இருக்கும்போது எதைக் காண்பது என்று பரமசிவன் யோசித்தார். ஜேசிபியில் இப்படியானால் நன்றாகக் கழுவித் துடைத்து, சாக்பொடி தூவி, இயக்கிப் பார்ப்பார்கள். எண்ணெய் புறப்படும் இடத்திலிருந்து பொடியில் கோடு விழும். விலாசினி பாத்திரம் தேய்க்கும் சோப்பும் தேங்காய்ச் சகிரியும் எடுத்து வந்து எஞ்சினைத் தேய்த்துக் கழுவினாள். சாக்பொடிதான் இல்லை. பரமசிவன் கருவிப்பெட்டியைக் கிளறி, கோயிலில் வாங்கிய விபூதிப் பொட்டலத்தை எடுத்தார்.

நேசையன் சபைக் கமிட்டியில் இருப்பவர். “எனக்க எஞ்சினுக்கு விபூதியா?”

“எஞ்சினுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாச்சா அண்ணே?” என்று கேட்டபடியே பரமசிவன் அள்ளிப் பூசினார்.

எஞ்சின் பழனிக்குப் போய் வந்தவர் மாதிரி ஆகிவிட்டது. அந்நேரம் பார்த்து ஒரு சுற்றுலாப் படகு பக்கத்தில் வேகம் குறைத்தது. சோதனைக்கு முன் எஞ்சினுக்குப் பூஜை செய்வது இந்த ஊர் வழக்கம் என்று வழிகாட்டி விளக்க, பத்துப் பன்னிரண்டு போன்கள் உயர்ந்தன. நேசையன் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டார்.

தொப்பியை இழுத்தது அதனால் மட்டுமல்ல. எஞ்சினின் பக்கவாட்டில், கையளவு ஓட்டைக்குள் ஒரு ஸ்க்ரூ உண்டு. கரண்ட் இல்லாத நேரத்தில் அதைத் திருகினால் எஞ்சினைக் கையால் இறக்கலாம். பாட்டரியை மிச்சம் பிடிக்க நேசையன் தினமும் அதைத் திருகித்தான் இறக்குவார். நாளைக்கு எளிதாக இருக்கட்டும் என்று முழுதாக முறுக்காமல் விடுவார். இது அவருக்கும் ஸ்க்ரூவுக்கும் மட்டும் தெரியும்.

பரமசிவன் பொத்தானை அமுக்கினார். எஞ்சின் உயர்ந்தது. தண்டைச் சுற்றி விபூதி காய்ந்தே இருந்தது. ஓட்டைக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கோடு புறப்பட்டு நேராகக் கீழே வழிந்தது.

“சீல் ஒண்ணும் போகல்ல. இந்த ஸ்க்ரூவ ஆரோ தெறந்து தெறந்து ரப்பர் ரிங்கையும் தேச்சு வச்சிருக்காங்க. ஆராக்கும்?”

விலாசினி புருஷனைப் பார்த்தாள். அவர் கடலைப் பார்த்தார்.

“பாட்டரி பாவமில்லியா,” என்றார் கடைசியில்.

“ஒரு மாசமா சீலு சீலுன்னு சொன்னீங்களே. அந்த மாப்பிள்ள வேட்டியக் கூட நான்தான் அலசிக் கொடுத்தேன்.”

பரமசிவனின் டப்பாவில் பல அளவில் ரப்பர் வளையங்கள் இருந்தன. நான்காவது பொருந்தியது. குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்பி, ஸ்க்ரூவை இறுக்கி, இனி இதைத் தொடாண்டாம் என்று நேசையனிடம் சொல்லிவிட்டுக் கரையேறி மூச்சு விட்டார்.

மூன்று மணிக்கு அதிகாரி வந்தார். வெள்ளை எஞ்சினைப் பார்த்ததும் அவர் கை கும்பிடப் போவதுபோல் தானாக நெஞ்சுக்குப் போய், பின் பேனாவைத் தேடியது. லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணினார். பிறகு மலையாளத்தில் கேட்டார்: நடு ஆற்றில் பாட்டரி செத்தால் எஞ்சினை எப்படி இறக்குவீர்கள், காட்டுங்கள்.

கரையில் பரமசிவன் தலையில் கை வைத்தார். நேசையன் மனைவியைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையசைத்தாள். அவர் மடியிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஓட்டையைப் பார்க்காமலே நுழைத்து, ஒரு திருகு திருகி, எஞ்சினைப் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல இறக்கினார். இந்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறதென்று தெரிந்த டிரைவரை இந்த வாரம் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் அதிகாரி. நேசையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“அடைங்க,” என்றாள் விலாசினி.

அடைத்தார்.

“இன்னும்.”

முறுக்கினார்.

“இன்னும் உண்டு.”

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். மணிக்கட்டு வலிக்கும்வரை முறுக்கியபின் எஞ்சினைத் தூக்கி, மூன்று பேரும் பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அசையவில்லை. தண்ணீரில் விபூதி கொஞ்சம் மிதந்தது, எண்ணெய் இல்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

விலாசினி சான்றிதழை மடித்துக் கைப்பையில் வைத்தாள். பையை மூடாமல் அப்படியே புருஷன் முன் நீட்டினாள். நேசையன் ஸ்க்ரூடிரைவரை அதில் போட்டார்.