மிச்சத் துண்டுகள்

அப்பாவுக்கு மணிக்கட்டில் மாவுக்கட்டு, புருவத்தில் தையல். மருத்துவமனையிலிருந்து கூட்டிவந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு அவள் திரும்பியபோது, கூடத்தில் சுவருக்குச் சுவர் போட்டிருந்த கம்பளத்தில் அந்தச் சுருக்கம் ஒன்றும் அறியாததுபோல் கிடந்தது. எலியை விழுங்கிய பாம்பைப் போல நடுவில் பருத்து, படுக்கையறை வாசலிலிருந்து ஜன்னல் வரை நீண்டிருந்தது. காலையில் குளியலறைக்குப் போகும்போது அப்பாவின் இடது கால் அதில்தான் சிக்கியது. பக்கவாதம் வந்து போனதிலிருந்து அந்தக் காலை அவர் தூக்கி வைப்பதில்லை, இழுத்துத்தான் வைப்பார்.

கம்பளம் போட்டது வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணன். அவன் தொழிலே அதுதான். வேலை செய்யும் இடத்தில் அவனுக்கு ‘நாளைக்கு’ என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் வாயில் அந்த வார்த்தைதான் வரும். அவளும் கணவனும் அப்பாவோடு இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, “நான் இருக்கும்போது வெளியாளா? வேற எவனையாவது கூப்பிட்டீங்க, அப்புறம் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்” என்று குதித்தவன், ஒரே மத்தியானத்தில் போட்டுவிட்டுப் போனான்.

மழைக்காலம் வந்ததும் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. கேட்டால், “புதுசுன்னா அப்படித்தான். நடக்க நடக்கப் படிஞ்சிடும்” என்றான். கொப்புளங்கள் கூடிச் சுருக்கமாயின. “வெயில் வரட்டும், தானா இறங்கிடும்” என்றான். வெயில் வந்தது, சுருக்கம் இறங்கவில்லை. கணவன் சோபாவை இழுத்து அதன்மேல் போட்டுப் பார்த்தான். அது சோபாவுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் எழுந்து நின்றது. “உங்க அண்ணன் மாதிரியே. ஒரு இடத்துல பிடிச்சு உட்கார வைக்க முடியல” என்று கணவன் சிரித்தான். அன்று அவளும் சிரித்தாள். வேறு ஆளைக் கூப்பிடலாம் என்றபோது அப்பா விடவில்லை. “வேண்டாம்மா, அவன் மனசு புண்படும்.”

அவன் மனசு புண்படாமல் காத்து, அப்பாவின் புருவம் கிழிந்ததுதான் மிச்சம்.

சாயங்காலம் அண்ணன் பழப்பையோடு வந்தான். “அப்பா எங்கே?” என்று பதறிக்கொண்டு உள்ளே நடந்தவன், சுருக்கம் வந்த இடத்தில் காலை உயர்த்தித் தாண்டிப் போனான். கீழே பார்க்கக்கூட இல்லை. அவன் காலுக்கே தெரிந்திருந்தது.

அப்பாவின் எதிரே போய் உட்கார்ந்தான்.

“என்னப்பா, பார்த்து நடக்கக் கூடாதா? இந்தச் செருப்பை முதல்ல மாத்துங்க. வழுக்குது.”

“ஆமாப்பா, என் கவனக்குறைவுதான்” என்றார் அப்பா.

“செருப்பா?” என்றாள் அவள். “இப்ப உள்ள வரும்போது எதைத் தாண்டி வந்தே?”

“எதை?”

“காலைத் தூக்கி வெச்சியே, அதைக் கேட்கிறேன். அவரால தூக்கி வைக்க முடியாதுன்னு உனக்குத் தெரியாது?”

“வந்ததும் வராததுமா ஆரம்பிச்சிட்டியா? சரி, நாளைக்கு வந்து சரிபண்ணித் தர்றேன்.”

அவள் சமையலறை இழுப்பறையிலிருந்து குறடு ஒன்றை எடுத்து வந்தாள். ஜன்னல் மூலையில் மண்டியிட்டு, கம்பளத்தின் விளிம்பைக் குறட்டால் கவ்வி இழுத்தாள். சுவரோரம் ஆணிமுனைகள் நீட்டி நிற்கும் மரச்சட்டத்திலிருந்து அது பிடுங்கிக்கொண்டு வரவேண்டும். ஆனால் போர்வையை விலக்குவதுபோலச் சும்மா வந்தது.

“ஏய், விடு! கிழிச்சிடாதே!”

அவள் சுருட்டிக்கொண்டே போனாள். அடியில் இருக்கவேண்டிய மெத்தை ஒரே விரிப்பாக இல்லை. பச்சையில் ஒன்று, சாம்பலில் ஒன்று, செங்கல் நிறத்தில் ஒன்று. எல்லாமே வேறு வேறு வீடுகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகள். இடையிடையே கை நுழையும் அளவுக்கு வெறுந்தரை. துணிகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருப்பவள் அவள். ஒட்டுப்போட்டதைப் பார்த்தால் தெரியாதா?

ஒரு துண்டை உருவி அவன்மேல் வீசினாள். “இதை வேற ஒரு வீட்டுல போடுவியா?”

அவன் தரையைப் பார்த்தான்.

“சொல்லு.”

“போட மாட்டேன். முதலாளி தோலை உரிச்சிடுவார்.”

“இங்கே உரிக்க ஆளில்லைன்னு தைரியம். ஊரான் வீட்டுக்கு முழுசு, தங்கச்சி வீட்டுக்கு மிச்சமா?”

“விடும்மா” என்றார் அப்பா. “கூடப்பிறந்தவன்கிட்ட இவ்வளவு...”

“நீங்க பேசாதீங்கப்பா! சின்ன வயசுலேர்ந்து அவன் எதை உடைச்சாலும் நீங்க போர்த்தி மறைச்சீங்க. இன்னிக்கு உங்க எலும்பே உடைஞ்சிருக்கு. இதையுமா?”

அப்பா மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் எழுந்து வெளியே போனான். ஓடிவிட்டான் என்றே நினைத்தாள். ஆனால் கடை மூடுவதற்குள் போய்ப் புதிய அடிமெத்தைச் சுருளும், வண்டியிலிருந்த கருவிகளும் கொண்டுவந்தான். முகம் கடுகடுவென்றிருந்தது. மெத்தையை விரிக்க மண்டியிட்டவன் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் அவளே திடுக்கிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான். வலது முழங்கால் கால்சட்டைக்குள் பானையாக வீங்கியிருந்தது.

“கார்ப்பெட்டை முட்டியால உதைச்சு உதைச்சுத்தான் இறுக்குவோம். அதுல போயிடுச்சு. டாக்டர் மண்டி போடவே கூடாதுன்னுட்டார். முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும். இங்க போடும்போதே முடியல. ஒழுங்கா இழுத்துக் கட்டல.”

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கோபம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கவில்லை. இன்னும் கிளர்ந்தது.

“முடியலைன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா?”

“சொன்னா வேற ஆளைக் கூப்பிட்டிருப்பீங்க.”

“ஆமா, கூப்பிட்டிருப்போம்! அப்பா விழுந்திருக்க மாட்டார்! நகரு. அந்த நாற்காலியில உட்கார்ந்து வாயால மட்டும் வேலை செய். அது உனக்கு நல்லாவே வருமே.”

அதற்குள் வேலை முடிந்து வந்த கணவன் நிலவரம் பார்த்து, சட்டையைக்கூட மாற்றாமல் சோபாவை வெளியே தள்ளினான். அவள் மெத்தையை விரித்து, கம்பளத்தை மேலே போட்டாள். கம்பளத்தை இழுத்து இறுக்கும் நீளக் குழாய்க் கருவியின் ஒரு முனையை எதிர்ச் சுவரில் முட்டுக்கொடுத்து, மறுமுனையின் பற்களைக் கம்பளத்தில் பதித்தாள்.

“நெம்புகோலை அழுத்து. ஒரேயடியா வேண்டாம். இப்ப ஆணியில மாட்டு” என்றான் அண்ணன் நாற்காலியிலிருந்து.

“கத்தாதே, காது கேட்குது.”

“கத்தல. இடதுபக்கம் தளர்வா இருக்கு.”

அழுத்தி அழுத்தி உள்ளங்கை சிவந்தது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மிஞ்சிய விளிம்பை அவளே வெட்டினாள்.

அப்பா கைத்தடியை ஊன்றி மெல்ல எழுந்து, இடது காலை இழுத்தபடி ஜன்னல் வரை நடந்தார். எங்கும் தடுக்கவில்லை. திரும்பி நின்று முகம் மலர்ந்தார். “பார்த்தியா! என் மகன் இறங்கிட்டா வேலை எப்படி இருக்கு பாரு!”

கணவன் சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தான். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அப்பா, இதை இழுத்துக் கட்டினது நான். உங்களை விழ வெச்சது அவன். ரெண்டையும் மாத்தி நினைச்சுக்காதீங்க.”

அப்பா மகனைப் பார்த்தார், வழக்கம்போல அவன் ஏதாவது சொல்லிச் சமாளிப்பான் என்று.

“அவ சொல்றது சரிதாம்பா” என்றான் அண்ணன். “மன்னிச்சுடுங்க.”

அப்பா கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். பிறகு, “என்னைப் படுக்கைக்குக் கூட்டிட்டுப் போம்மா” என்று அவளிடம் கையை நீட்டினார்.

அந்த வாரமே அண்ணன் முதலாளியிடம் முழங்காலைக் காட்டிவிட்டான். திட்டு விழுந்தது, ஆனால் வேலை போகவில்லை. வீடு வீடாகப் போய் அளவெடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அவளிடம் அதைப் போனில் சொன்னபோது, “நல்லது” என்றாள். போனை வைத்துவிட்டாள். அப்பாவின் கட்டைப் பிரிக்கும் நாளன்று மருத்துவமனைக்கு அவனையே கூட்டிப்போகச் சொன்னாள். அவன் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்து வாசலில் நின்றான்.