ஆறு வேளைப் பொடி

தெய்வநாயகத்துக்கு இந்த உலகத்தில் அறவே பிடிக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான். அதை அவர் தினமும் மூன்று வேளை தின்றுகொண்டிருந்தார்.

பெண்ணாடத்து வைத்தியர் பழமலை இடித்துக் கொடுத்த வயிற்றுப் பொடி அது. கடுக்காய், நிலவேம்பு, பெருங்காயம் என்று மூன்று பெயரைத்தான் வைத்தியர் சொல்வார். மீதிச் சரக்கெல்லாம் என்ன என்று கேட்டால், "அது தெரிஞ்சா நீங்க தின்ன மாட்டீங்க" என்பார். நிறம், மழையில் ஊறிய சாணி. நாற்றம், மழையில் ஊறிய ஆட்டுக்கிடா. பொடி வீட்டுக்குள் வந்த அன்றைக்கே எலிகளெல்லாம் குஞ்சு குளுவானோடு பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டன. நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீர், காதில் இரைச்சல், செத்துப்போன சித்தப்பா வாசலில் வந்து நிற்பது போல ஒரு தோற்றம். இத்தனையும் அவர் ஏப்பம் விடுவதை நிறுத்துவதற்காக. அவர் விடும் ஏப்பத்தைக் கார்டு ஊதும் விசில் என்று நினைத்து ஜங்ஷனில் ஒரு நாள் ரயிலே புறப்பட்டுவிட்டது என்று அவர் மனைவி சிவகாமசுந்தரி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

வீட்டில் இருந்தால் தம்ளரோடு எதிரே நின்று விழுங்க வைத்துவிட்டுத்தான் நகருவாள். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கியும் பார்ப்பாள். வெளியூர் போனால்தான் தெய்வநாயகத்துக்குக் கொஞ்சம் மூச்சு. பொடியை அங்கேயும் தின்றாக வேண்டும். ஆனால் வேப்பூரில் பஸ் நிற்கும்போது இரண்டு வடையைத் தின்று அந்த நாற்றத்தைக் கொன்றுவிடலாம். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்கு மாதிரிச் சரக்கைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பது அவர் வேலை.

அந்த வேலைக்கும் இப்போது ஆபத்து. முதலாளி மாணிக்கவேல் கூப்பிட்டு, "இந்தத் திருச்சி ஆர்டரும் வரலேன்னா நீ ஊரு சுத்துனது போதும். பழையபடி மண்ணு அரைக்கிற மில்லுக்கே போயிடு" என்று சொல்லிவிட்டார். மில்லில் மண் அரைப்பதில் தெய்வநாயகத்துக்கு வருத்தம் இல்லை. மில் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மூன்று வேளையும் தம்ளர்.

இன்னொரு தொல்லை, பொடியை எதில் கொண்டுபோவது என்பது. காகிதப் பொட்டலத்தில் கொண்டுபோனார். அது பஸ்ஸில் பிரிந்து பக்கத்து சீட்டுக்காரரின் வேட்டியில் கொட்ட, அந்த மனிதர் இன்றைக்கு வரைக்கும் மாப்பிள்ளை வீட்டார் தன் பெண்ணை வேண்டாம் என்றதற்கு அதுதான் காரணம் என்கிறாராம். பிறகு தகர டப்பா. தகரமும் கடுக்காயும் வேர்வையும் சேர்ந்தால் மை என்பது தெய்வநாயகத்துக்குத் தெரியாது. உளுந்தூர்பேட்டையில் இறங்கும்போது சட்டை கருப்பு, வாய் கருப்பு, பல் கருப்பு. ஆர்டர் கேட்கச் சிரித்தார். கடைக்காரர் வீட்டுக் குழந்தைக்கு மூன்று நாள் காய்ச்சல்.

"வேளைக்கு ஒண்ணா, துரு ஏறாததா ஒண்ணு வேணுங்க" என்றாள் சிவகாமசுந்தரி. "உங்க கம்பெனியில கரண்டு கம்பத்துல மாட்டுற இன்சுலேட்டர் செய்யறீங்களே, நடுவுல ஓட்டை இருக்குதே? ஒரு வேளைப் பொடி அதுக்குள்ள அளவெடுத்தாப்புல நிக்கும். கழிச்சுப் போட்டதுல ஆறு எடுத்துக்கிட்டு வாங்க. ரெண்டு நாளைக்கு ஆறு வேளை."

"ஆவட்டும்" என்றார் தெய்வநாயகம்.

"வழியில கொட்டிட்டு வந்தீங்கன்னு தெரிஞ்சுது, கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டிப்புடுவேன். ஆமா."

போலீஸ் பிராது என்றால் சமாளித்துவிடலாம். கொளஞ்சியப்பர் என்று பேர் கொண்ட மணவாளநல்லூர் முருகனிடம் எழுதிக் கட்டிய பிராதை எந்த வக்கீல் தள்ளுபடி செய்வான்? "முருகன் சாட்சியா ஒரு வேளை விடாம தின்னுடுறேன்" என்று கையில் அடித்துக் கொடுத்தார்.

கொடுத்தவர் கழிவு இன்சுலேட்டர் எடுத்து வர மறந்துபோனார். மறுநாள் விடியலில் பையைத் தூக்கும்போது, "பொடி எங்கே?" என்றார். "பையிலேயே வச்சுட்டேன், ஆறும்" என்றாள் அவள். பொட்டலம்தான் கட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

திருச்சியில் முஸ்தபா ராவுத்தர் மின்சாமான் மொத்த வியாபாரி. பூர்வீகம் மங்கலம்பேட்டை. பீங்கானைக் கண்ணால் பார்க்க மாட்டார், காதால் பார்ப்பார். கடைச் சாவியால் தட்டுவார். நன்றாக வெந்த பீங்கான் கிண்ணென்று பாடும். வேகாதது டொக்கென்று இருமும். அவ்வளவுதான் அவர் பரீட்சை.

தெய்வநாயகம் ஆறு மாதிரி இன்சுலேட்டரையும் மேஜையில் வரிசையாக அடுக்கினார். ராவுத்தர் சாவியை எடுத்தார்.

டொக்.

இரண்டாவது. டொக். மூன்றாவது, புழுங்கல் அரிசி மூட்டையைத் தட்டினாற்போல.

"என்னாப்பா இது? பச்ச மண்ணுக்கு சுண்ணாம்பு அடிச்சு எடுத்தாந்துட்டியா?"

"பாய், இருங்க, இருங்க!" தெய்வநாயகம் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினார். ஓட்டையின் இரு முனையிலும் வெள்ளைப் பீங்கானோடு பீங்கானாக வெள்ளை மெழுகு. மோந்து பார்த்தார். ஆட்டுக்கிடா.

'அடிப்பாவி, மாதிரியிலேயா அடைச்சுட்டே!'

"உள்ள மருந்து இருக்குது பாய், அதான் சத்தம் அமுங்குது. இதோ, காலி பண்ணிக் காட்டறேன்." பேனாவால் மெழுகைக் குத்தி, காகிதத்தில் தட்டினார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

பொடி எழுந்தது. காலண்டரில் பாதி, டீயில் பாதி, 'என்னா' என்று கேட்கத் திறந்த ராவுத்தரின் வாயில் மீதி. ராவுத்தர் பதினேழு தும்மல் தும்மினார். பதினெட்டாவதில் எதிர்க்கடை ஷட்டர் தானாக இறங்கியது.

"யா அல்லா! என்னா எழவுப்பா இது? பொணத்தையா அரைச்சு எடுத்தாந்தே?" வாயைக் கழுவிவிட்டு வந்து கர்ஜித்தார். "மீதி அஞ்சையும் எடுத்துட்டு ஓடு!"

"காலி பண்ணித் தட்டிப் பாருங்க பாய். வெளியில கொட்டிட்டு வந்துடறேன்."

"தெருவுல ஒரு துளி உழுந்தா பஜாரே காலியாயிடும்! எங்கியும் கொட்டக் கூடாது!"

தெய்வநாயகம் ஐந்து பீங்கானையும் பார்த்தார். கொட்டினால் இங்கே ராவுத்தர், அங்கே முருகன். தூக்கிக்கொண்டு ஓடினால் மில், தம்ளர், வாழ்நாள் முழுக்க மூன்று வேளை. கண்ணை மூடினார். மெழுகைக் குத்திவிட்டு முதலாவதை வாயில் கவிழ்த்தார்.

சித்தப்பா வந்தார். இரண்டாவதற்குச் சித்தப்பா தன் பெண்சாதியையும் கூட்டி வந்தார். மூன்றாவது தொண்டையில் இறங்க மாட்டேன் என்று மூக்கு வழியாக வெளியே எட்டிப் பார்த்தது, அதையும் உறிஞ்சினார். நான்காவதில் அவர் முகம் வேகாத பீங்கான் நிறமானது. ஒவ்வொன்று காலியானதும் அதைத் துடைத்து நீட்டினார்; ராவுத்தர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தட்டினார்.

கிண்.

கிண்.

ஐந்தாவது, விருத்தாசலத்துப் பழமலைநாதர் கோயில் உச்சிக்கால மணி போலவே பாடியது.

"சரக்கு சுத்தம்" என்றார் ராவுத்தர், இரண்டடி பின்னால் நகர்ந்து. "ஆனா நீ மனுஷன் இல்லப்பா." ஆர்டரை எழுதி, காகிதத்தின் நுனியைப் பிடித்து நீட்டினார்.

ஐந்து வேளைக் கடுக்காய் ஒரே வயிற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை விரிவாகச் சொன்னால் சாப்பிடுகிறவர்கள் எழுந்து போய்விடுவார்கள். பஸ் நின்ற இடத்திலெல்லாம் தெய்வநாயகம் இறங்கினார். நிற்காத இடத்திலும் நிறுத்தி இறங்கினார். வேப்பூரில் வடையைப் பார்த்ததும் வடையே அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. பையிலிருந்த ஆர்டரை மட்டும் ஒரு கையால் அமுக்கிப் பிடித்திருந்தார்.

முதலாளி ஆர்டரைப் படித்துப் பூரித்தார். அடியில் ராவுத்தர் எழுதியிருந்ததைப் படித்ததும் சூளையே குலுங்கச் சிரித்தார். அந்த வரிகளை மட்டும் கிழித்துத் தெய்வநாயகத்தின் சட்டைப் பையில் செருகினார்.

"இந்தப் பெரிய ஆர்டருக்கே ஒரு வருஷம் சூளை எரியணும். இனிமே நீ எங்க போவணும்? மில்லப் பாத்துக்க, நாயகம்."

வீட்டில் சிவகாமசுந்தரி ஆறு பீங்கானையும் வெளிச்சத்தில் தூக்கி ஓட்டை வழியாகப் பார்த்தாள். ஆறும் காலி. முகம் மலர்ந்தது. துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து துண்டுக் காகிதத்தை எடுத்து உரக்கப் படித்தாள்.

"சரக்கை லாரியில் அனுப்பவும். இந்த ஆளை அனுப்ப வேண்டாம். முதல் பீங்கானில் இருந்ததை நான் தின்னும்படி ஆயிற்று."

தெய்வநாயகம் எழுந்து செருப்பைத் தேடினார்.

"என்னாங்க, எங்க கெளம்பிட்டீங்க? பாய் தின்னது ஒண்ணு. அப்ப நீங்க தின்னது அஞ்சுதானே?" தம்ளரில் கரண்டி சுழலும் சத்தம் கேட்டது. "ஒக்காருங்க. ஒரு வேளை கொறையுது."