நோன்பாளியின் சீரம்

மலேரியாக் கிருமிக்குப் பசி வந்தால் ஊரைக் காலி செய்யப் பார்க்கும். ரத்தத்தில் உள்ள ஒரு கொழுப்பு தாராளமாகக் கிடைக்கும்வரை ஒரு மரபணுவைப் பூட்டியே வைத்திருக்கும், குறைந்தால் திறந்துவிடும். உடனே சில கிருமிகள் கொசுவில் ஏறிப்போகும் வடிவத்துக்கு மாறும். மலேசியாவின் அலோர் ஸ்டார் ஆய்வுக்கூடத்தில் இதை எண்ணிக் காட்டத்தான் இரண்டு வருடமாக மாய்கிறேன்.

பட்டினி போட்ட குடுவையில் மாறியவை ஏராளம். ஆனால் ரத்தத்திலிருந்து பிரித்த நல்ல சீரம் என்ற தெளிநீரை ஊற்றி வளர்த்த பக்கத்துக் குடுவையிலும் அதே அளவு!

"அதத் தூக்கிப் போடுங்க ஜெனவீவ். கெட்டுப்போச்சின்னு எழுதுங்க. திங்கக்கிழமை கமிட்டி வருதுலா," என்றார் தலைவர் டாக்டர் குணாளன். பணம் ஒதுக்கும் அந்தக் கமிட்டி ஒப்புக்கொண்டால்தான் என் வேலை இன்னும் மூன்று வருடம் ஓடும்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கெட்டிருந்தால் கிருமி செத்திருக்கும். இவை ஒழுங்காக மாறியிருந்தன.

வாங்கிய சீரம் தீர்ந்ததால், அந்தக் குடுவைக்கு எங்கள் டெக்னீஷியன் ஷஃபிக்கின் ரத்தத்தில் பிரித்ததை ஊற்றியிருந்தோம். நாசி கண்டார் சோற்றுக் கடைக்காரர் மகன், நன்றாகச் சாப்பிடுகிறவன் என்ற நினைப்பு. அவனைப் பிடித்தேன்.

"ரத்தம் எடுத்த அன்னைக்கு என்ன தம்பி சாப்பிட்ட?"

"ஒண்ணுமில்லக்கா. நோன்பு மாசம்லா. சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தானே எடுத்தீங்க? விடியக்காலச் சஹர் சாப்பாட்டுக்கும் எந்திரிக்கல."

ரத்தம் எடுத்த அன்று மாலை அவன் கொண்டுவந்த நோன்புக் கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்தவள் நான். வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை இரண்டு குடுவைகளின் எண்ணிக்கையையும் கமிட்டி முன் வைத்தேன். "ரெண்டுமே பட்டினிதான். நான் கேக்காம விட்டது தப்பு. திரும்பச் செய்யணும்." குணாளன் தரையைப் பார்த்தார். மூன்று வருடம் கேட்ட இடத்தில் ஆறு வாரம் கிடைத்தது.

இம்முறை என் ரத்தம். நாள் முழுக்கப் பட்டினி கிடந்து ஒன்று, வயிறாரச் சாப்பிட்டு ஒன்று. குடுவைகளில் ஷஃபிக் எண் ஒட்டினான். எது எதுவென்று எனக்குச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

ஆறாவது வாரம் எண்ணி முடித்தேன். ஒன்றாம் குடுவையில் மாறியவை நான்கு. இரண்டாவதில் நாற்பத்தொன்று.

ஷஃபிக் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தான். "ரெண்டாவதுதான்க்கா பட்டினி! ஜெயிச்சிட்டீங்க லா!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் எண்ணிய கண்ணாடித் தகடுகளை அவன் பக்கம் தள்ளினேன்.

"நம்பர மாத்தி ஒட்டு தம்பி, எது எதுன்னு சொல்லாத. மொதல்லேர்ந்து இன்னொரு தடவ எண்ணுறேன்."