டிரைவர் பக்கத்துக் கதவுப் பூட்டு

பழைய கார் பார்ட்ஸை ஆன்லைனில் விற்றுப் பிழைக்கிறவன் மனிதர்களை நம்பினால் ஆறு மாதம் தாங்கமாட்டான். நான் ஏழு வருடம் தாங்கினேன். மதுரைக்காரன் ஒருவன் என்னிடம் நல்ல ஆல்டர்னேட்டர் வாங்கி, தன் வண்டியில் எரிந்துபோயிருந்ததை அதே பெட்டியில் வைத்து, வேலை செய்யவில்லை என்று திருப்பி அனுப்பினான். ஓசூர் மகராசன் வாங்கின ஹெட்லைட்டைத் திருப்பி அனுப்புகிறேன் என்று சொல்லி அதே எடைக்குச் செங்கல் அனுப்பினான். அதையும் பழைய துண்டில் சுற்றியிருந்தான், உடைந்துவிடக் கூடாதாம். இன்னொருவன் நாலு அலாய் வீல் வாங்கி, தங்கச்சி கல்யாணத்துக்கு ஜோராக ஓட்டிவிட்டு, ஐந்தாம் நாள் அளவு சரியில்லை என்றான். வீல் இடுக்கில் ரோஜா இதழ் காய்ந்து கிடந்தது.

நாங்கள் விற்கிற ஆப்பில் ஒரு சட்டம் உண்டு. விற்றவன் மேல்தான் தவறு என்று மூன்று புகார்கள் முடிந்தால் கடையை மூடிவிடுவார்கள், பிறகு திறக்கவே முடியாது. எனக்கு இரண்டு ஆகியிருந்தது. இரண்டும் அநியாயம். ஊருக்கு வெளியே மூன்றாம் மைலைத் தாண்டி உப்பளத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் தகரக் கொட்டகை. வழியோடு போகிறவன் எவனும் அங்கே வண்டியை நிறுத்தி பம்பர் வாங்கப் போவதில்லை. ஆப் போனால் சோறு போகும். அவ்வளவுதான் விஷயம்.

அதனால்தான் வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். எந்தப் பொருளானாலும் பேக் செய்வதற்கு முன்னால் அன்றைய பேப்பரைப் பக்கத்தில் வைத்து, ஆர்டர் நம்பரை வாய்விட்டுப் படித்து, பொருளை ஓடவிட்டுக் காட்டுவேன். போனைப் பிடிப்பது என் மனைவி டெல்பின். கடைசியில் பெட்டியை ஒட்டி, டேப்பின் மேல் குறுக்காக என் பெயரைக் கிறுக்குவேன்: கிளைட்டன். வீடியோவை நெட்டில் ஏற்றி, லிங்க் இருப்பவர் மட்டும் பார்க்கிற மாதிரி வைப்பேன். அதற்குப் பிறகு ஒரு பயல் என்னிடம் வாலாட்டவில்லை. பட்டறையில் நின்று வீடியோ எடுக்கும்போது எனக்குக் கொஞ்சம் மிதப்பாகவே இருக்கும்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஏலத்தில் தள்ளியபோது பதினொன்று எடுத்தேன். எங்கள் தொழிலில் யார் வண்டி, என்ன ஆனது என்று கேட்பதில்லை. வந்ததும் நம்பர் பிளேட்டைக் கழற்றி இரண்டாக வெட்டிப் போட்டுவிடுவோம். கேட்டால் கை ஓடாது. அதில் ஒன்று வெள்ளை நிறச் சின்ன கார். கூரையின் உட்பக்கத் துணி வரைக்கும் வண்டல் கோடு இருந்தது. டெல்பின் அதைப் பார்த்துவிட்டு, “தண்ணி முழுசா ஏறிட்டு போலிருக்கே, உள்ள ஆளு இருந்திருப்பாவளா?” என்றாள். “ஏளா, பேசாம போனப் பிடி” என்றேன். பார்ட்ஸை விற்கப் போடும்போது உடைப்பதற்கு முன் எடுத்த முழு வண்டிப் படத்தையும் போடுவது என் வழக்கம். அந்த வண்டியின் பின் கண்ணாடியில் ஒரு பைபிள் வசன ஸ்டிக்கர் பாதி கிழிந்து ஒட்டியிருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து அந்த வண்டியின் டிரைவர் பக்கத்துக் கதவுப் பூட்டுக்கு ஆர்டர் வந்தது. வாங்கியவர் எபனேசர், ஊர் நாசரேத். பூட்டை மேஜையில் இருக்கிற வைஸ் இடுக்கியில் கவ்வி, கதவு சாத்துகிற மாதிரி கொக்கிக்குள் ஸ்க்ரூ டிரைவரை அழுத்தி மூடினேன். உள்கைப்பிடி கேபிளை இழுத்தேன். டக். திறந்தது. மறுபடி மூடி, மறுபடி இழுத்துக் காட்டி, பேக் செய்து அனுப்பினேன்.

நாலாம் நாள் புகார். பூட்டு வேலை செய்யவில்லை.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அதற்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்ததும் சந்தேகமும் ஏறியது. ‘பணம் திரும்ப வேண்டாம். பொருளையும் திருப்பித் தருகிறேன். பூட்டு பழுது என்று விற்றவர் ஒப்புக்கொண்டால் போதும்.’ எந்த ஊரில் ஐயா வாங்குகிறவன் பணம் வேண்டாம் என்கிறான்? இதுவரை யாரும் செய்யாத புதுத் திருட்டு என்றுதான் நினைத்தேன். முதலில் நம் வாயால் ஒப்புக்கொள்ள வைப்பான், அந்த எழுத்தை வைத்துப் பணத்தையும் கேட்பான், நஷ்ட ஈடும் கேட்பான். நமக்கோ அது மூன்றாவது.

வீடியோ லிங்கை ஆப்புக்கும் அந்த ஆளுக்கும் அனுப்பினேன். அதோடு விடாமல், அதே வண்டியின் இடது பக்கப் பூட்டையும் வைஸில் வைத்து, பத்து தடவை மூடிப் பத்து தடவை இழுத்து இன்னொரு வீடியோ எடுத்தேன். பத்து டக். ‘இந்த வண்டிப் பூட்டு எதுவும் பழுது இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதி அனுப்பினேன்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. மெதுவான குரல்.

“அண்ணாச்சி, எபனேசர் பேசுதேன். அந்தப் பூட்டு... உள்ள இருந்து இழுத்தாலும் தெறக்குமா?”

“உள்ள இருந்து இழுக்கதத்தான சார் வீடியோல காட்டிருக்கேன்.”

“பொம்பளைக இழுத்தாலும்?”

“சின்னப் பிள்ள ஒத்த விரலால இழுத்தாலும் தெறக்கும். எங்கிட்ட வேண்டாம் இந்த வேலை. ஒங்கள மாதிரி நெறைய ஆளப் பாத்துட்டேன்.”

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான்தான் வைத்தேன்.

இரண்டு நாளில் ஆப்பிலிருந்து தீர்ப்பு வந்தது: விற்றவர் மேல் தவறில்லை. டெல்பினிடம் அல்வா வாங்கிவரச் சொன்னேன். ஜெயித்த மிதப்பில் அந்த வீடியோவை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். அதன் கீழே எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண் காட்டும். மற்ற வீடியோக்களில் மூன்று, நாலு என்று இருக்கும். இதில் அறுபத்தெட்டு.

மறுநாள் நூற்றுப் பதினொன்று. அதற்கு மறுநாள் நூற்று எழுபது. லிங்க் இருந்தது என்னிடமும் ஆப்காரர்களிடமும் அந்த ஆளிடமும்தான். தீர்ப்பான வழக்கை ஆப்காரன் எதற்குப் பார்க்கிறான்? அப்படியானால் நாசரேத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து, என் கை கேபிளை இழுப்பதையும் பூட்டு திறப்பதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை. பயந்தேன் என்றே சொல்கிறேன். வேலைக்கு நடுவில் போனை எடுத்து எண்ணைப் பார்ப்பேன். பார்க்கும்போதே ஒன்று கூடும். உச்சி வெயிலில், உப்புக் காற்று தகரத்தைத் தட்டுகிற நேரத்தில், யாருமில்லாத கொட்டகையில் எனக்குப் பின்னால் டக் என்று கேட்கும். திரும்பினால் வைஸ் காலியாக இருக்கும்.

“பிளாக் பண்ணித் தொலைங்க அந்த ஆள” என்றாள் டெல்பின். வீடியோவை எடுத்துவிட ஒரு பட்டனை அழுத்தினால் போதும். கை போய்ப் போய்த் திரும்பி வந்தது. அழித்துவிட்டால் அந்த ஆள் எதைப் பார்ப்பார், அதற்குப் பிறகு என்ன செய்வார் என்று ஒரு நினைப்பு. முந்நூற்றுப் பன்னிரண்டு ஆன அன்று மத்தியானம் அவரே வந்துவிட்டார்.

நாற்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் சிவப்பு பேனா, பார்த்ததுமே வாத்தியார் என்று தெரிந்தது. கையில் துணிப்பை. அதற்குள் பூட்டு. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் ஸ்பேனரைக் கீழே வைக்காமல் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கொட்டகை மூலையில் கதவுகளும் சீட்டுகளும் இல்லாமல் கிடந்த வெள்ளைக் காரின் கூட்டைப் பார்த்தார்.

“அதத் தொட்டுப் பாக்கலாமா?”

தலையாட்டினேன். போய், பின் கண்ணாடி ஸ்டிக்கரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் குனிந்து உள்ளே பார்த்தார். கூரைத் துணியில் இருந்த வண்டல் கோட்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். டெல்பின் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியது. கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

டெல்பின் ஸ்டூலைப் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். குடிக்காமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

“இது எங்க வண்டி. ஜெப்ஸி, எங்க வீட்டுல உள்ளவ, அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டுத் தனியா வந்துட்டிருந்தா. ஏரலுக்கு இந்தப் பக்கம் ரோட்டுல தண்ணின்னு போன் பண்ணுனா. டயர் பாதி அளவுதான் இருக்கு, முன்னால நின்ன பஸ்ல உள்ள ஆள்க எல்லாம் எறங்கி அங்கன ஒரு மாடி வீட்டுக்கு நடந்து போறாவ, நானும் போகவான்னு கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். இருட்டுதுல்லா, தனியா எறங்காத, கதவப் பூட்டிட்டு உள்ளயே இரி, நான் வாரேன்னேன்.”

டம்ளரைக் கீழே வைத்தார்.

“போக முடியல. ரோடே இல்ல. மூணாம் நாள்தான் வண்டியப் பாத்தோம். கதவெல்லாம் மூடியேதான் இருந்துச்சு. அவ நான் சொன்னா கேப்பா அண்ணாச்சி. அதுதான் என்னைய கொல்லுது. பூட்டு எறுகிப் போயிருந்துச்சுன்னா, அவ எறங்கப் பாத்துருக்கா, முடியலன்னு ஆவும். நல்லா இருந்துச்சுன்னா... நான் சொன்னேன்னுதான உக்காந்திருந்திருக்கா? கழுத்து வரைக்கும் வந்த பொறவும்?”

நான் சின்னப் பிள்ளை ஒத்த விரல் என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஒருதடவை திறந்து காட்டினேன், போதாதென்று பத்து தடவை திறந்து காட்டினேன். அந்த மனிதர் முந்நூறு தடவைக்கு மேல் அதைப் பார்த்திருக்கிறார், ஒரு தடவையாவது திறக்காமல் போகுமா என்று. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என் வயிற்றில் அடித்திருக்கிறார்கள். ஒருத்தனையும் நான் இப்படி அடித்ததில்லை.

“பழுதுன்னு ஒரு வரி எழுதித் தாங்க” என்றார். “ஆப்புல. நீங்க எழுதுனா நான் நம்பிருவேன்.”

மூன்றாவது புகார். எழுதினால் கடை போகும் என்பது டெல்பினுக்கும் தெரியும். அவளைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எழுதுங்க” என்றாள்.

வெறும் எழுத்தை அவர் நம்பமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. வீடியோ இருக்கிறதே. அதனால் ஏழு வருடமாக யாரையெல்லாம் திட்டினேனோ அவர்களில் ஒருவனாக ஆனேன்.

“சார், உண்மையச் சொல்லுதேன். வீடியோல இருக்கது ஒங்க வண்டிப் பூட்டே கெடையாது. வேற வண்டியோடது. ரெண்டு வீடியோவும் அப்படித்தான். ஒங்க பூட்டு எங்கிட்ட வரும்போதே எறுகிப் போயித்தான் இருந்துச்சு. ஆயில்ல ஊறப்போட்டு, சுத்தியலால தட்டித்தான் எடுத்தேன். யாவாரத்துல இப்படி ஏமாத்துறதுதான். மன்னிச்சிருங்க.”

அவர் என் முகத்தையே பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. போனைத் திறந்து, முடிந்துபோன வழக்கின் கீழே, ‘பொருள் பழுதானது. விற்றவர் மறைத்தார். தவறு என்னுடையது’ என்று தட்டி, அவர் பார்க்கும்படி அனுப்பினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கணக்கை முடக்குகிறோம் என்று பதில் வந்துவிட்டது. நல்லவனை மணிக்கணக்கில் காக்க வைக்கிறவர்களுக்குத் திருடன் என்றால் எவ்வளவு வேகம்.

எபனேசர் சார் நீளமாக மூச்சு விட்டார். தோள்கள் இறங்கின. முகத்தில் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது. என் கையைப் பிடித்து, “ஒங்களுக்கு ஆண்டவர் நன்ம செய்வாரு” என்றார். ஏமாற்றியவனைப் பார்த்து அப்படிச் சொன்னார். எனக்கும் நெஞ்சு லேசானது. கடை போனால் போகட்டும், இந்த ஒரு மனிதருக்கு ஒரு நல்லது செய்தோம் என்றுகூட நினைத்துவிட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். கொட்டகை வாசல் வரை போனார். அங்கே வெயிலில் நின்றுவிட்டார். பைக்குள் கையை விட்டுப் பூட்டை வெளியே எடுத்து, அதன் நெம்புகோலை விரலால் தொட்டார். இழுக்கவில்லை. தொட்டுக்கொண்டே நின்றார். திரும்பியபோது போன வயது எல்லாம் முகத்துக்குத் திரும்பி வந்திருந்தது.

“அப்பம் அவ இழுத்திருப்பாள்லா, அண்ணாச்சி?”

நான் அவர் கையிலிருந்த பூட்டைப் பார்த்தேன்.

“தண்ணி ஏற ஏற இழுத்திருப்பா. கதவத் தட்டிருப்பா. என்னையக் கூப்புட்டிருப்பா.” அவர் குரல் உயரவே இல்லை. “பயப்படாம உக்காந்து ஜெவம் பண்ணிட்டே போயிட்டான்னு ஒரு நெனப்பு இருந்துச்சு எனக்கு. அது மட்டும் இருந்துச்சு.”

டெல்பின் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு அந்த நினைப்பு திரும்பக் கிடைக்கும், அதோடு பழைய பழியும் திரும்பி வரும். சொல்லாவிட்டால், பூட்டிய கதவை அடித்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணோடு அவர் வீட்டுக்குப் போவார். அவர் தொழில் தெரிந்தவனிடம் கேட்கிற மாதிரி என்னிடம் கேட்டார்.

“எவ்வளவு நேரம் இழுத்திருப்பா?”