வருகைக் காலம்

"அந்த மூலையிலக்கா. உத்தரத்துக்கு மேல பாருங்க. எட்டுக்கால் பூச்சி குடும்பமே நடத்துது அங்க."

பங்கஜவல்லி முக்காலி மேல் நின்றபடி ஒட்டடைக் கம்பை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். தூசி கண்ணில் விழுந்தது. அறுபத்தொரு வயதில், அடுத்த வீட்டில், அதுவும் மழை பிடித்துக்கொண்ட காலையில் ஒட்டடை அடிக்க வேண்டியிருக்கிறதே என்று அலுப்பாக இருந்தது. ஆனாலும் அடித்தாள்.

கட்டிலில் கிடந்த முத்தமிழ் அவளுடைய ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி. கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. நாலு தலையணை வைத்துச் சாய்த்தால்தான் மூச்சு வந்தது. காரைக்கால் ஆஸ்பத்திரியில் இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பி ஒரு வாரமாகிறது. ஆனால் கையை நீட்டி வேலை ஏவுவதில் குறைச்சல் இல்லை.

"மாட்டுக் கொட்டாயில பொறந்த சாமிங்கற. ஒட்டடையப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடப் போறாரா?"

முத்தமிழுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

"அவரு போமாட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்காது. ஒருத்தர் வராருன்னு தெரியுது. தெரிஞ்சும் கூட்டாம போட்டு வச்சா என்ன அர்த்தம்?"

"ஒன்னால பூசைக்கும் போக முடியாது. குடிலும் வைக்கல."

"குடிலு, ஸ்டாரு, கேக்கு எல்லாம் சின்னப் புள்ளைங்களுக்கு. இருந்தா நல்லாத்தான் இருக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீங்க திருநள்ளாறு போறீங்க. கூட்டத்துல நசுங்கி, கொளத்துல முங்கி, சாமிய நாமதான் தேடிப் போறோம். இது அப்புடி இல்லக்கா. அவரு கெளம்பி வராரு. நாம கூப்புடல. வந்தவருக்கு எடங்கூடக் குடுக்கல. அப்பவும் வராரு. எனக்குப் புரிஞ்சது அம்புட்டுதான்."

பங்கஜவல்லி கம்பை அடுத்த மூலைக்கு நகர்த்தினாள். முத்தமிழ் சாமியைப் பற்றிப் பேசினால் பதில் சொல்லாமல் இருந்துவிடுவது அவளுக்குப் பழகியிருந்தது.

பழகி நாலு வாரம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் இருவருக்கும் பேச்சே இல்லை. பூவம் கிராமத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே வீட்டைத்தான் இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருந்தார் மாமனார். தம்பி செம்பியன் செத்துப்போன மறுவருஷம் முத்தமிழ் காரைக்கால் மாதா கோயிலுக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு வந்தாள். பங்கஜவல்லியின் வீட்டுக்காரர் தெட்சிணாமூர்த்தி ஒரு வார்த்தை திட்டவில்லை. கொத்தனாரைக் கூட்டிவந்து கொல்லைக்கு நடுவே சுவர் எழுப்பினார். சுவர் எழும்பியபோது பங்கஜவல்லிதான் கொத்தனாருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

அவரும் போய் மூன்று வருஷமாகிறது. மகள் கீர்த்திகா ஓசூரில். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள், பண்ணாமலும் இருப்பாள். அதன் பிறகாவது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. காலையில் அந்தப் பக்கம் தட்டு விழும் சத்தம் கேட்கும், சாயங்காலம் செபமாலை முணுமுணுப்பு கேட்கும். அதைக் கேட்டபடி இவள் இந்தப் பக்கம் டிவியைப் போடுவாள்.

டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முத்தமிழ் வாசலில் வந்து நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, தெனம் வந்து செத்த நேரம் உக்காந்துட்டுப் போகட்டா?"

"எதுக்கு?"

"கிறிஸ்மஸுக்கு நாலு வாரம் இருக்கு. திருவருகைக் காலம்னு சொல்லுவாங்க. தயார் பண்ணிக்கிற காலம். ரொம்ப நாளாப் போகாத வீடு ஒண்ணு எல்லாருக்கும் இருக்கும், அங்க போங்கன்னு பூசையில சாமியார் சொன்னாரு. எனக்கு யோசிக்கவே வேணாமாப் போச்சு."

தன் வேதத்துக்கு இழுக்க வந்திருக்கிறாள் என்றுதான் பங்கஜவல்லி முதலில் நினைத்தாள். ஆனாலும் மழையில் நிற்பவளை உள்ளே வா என்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. முத்தமிழ் வந்தாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், சீரியல் பார்த்தாள், இந்த மாமியார்க்காரி இன்னுமா சாகல என்று கேட்டாள், போனாள். மறுநாளும் வந்தாள். ஒரு வாரத்துக்குள் பங்கஜவல்லி ஐந்து மணிக்கே இரண்டு பேருக்குப் பால் வைக்க ஆரம்பித்திருந்தாள். பிறகு ஒருநாள் ஆறு மணியாகியும் அவள் வரவில்லை. பால் ஆடை கட்டிக் கிடந்தது. பங்கஜவல்லி செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவழியாகச் சுற்றிப் போய், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டு வாசற்படியை மிதித்தாள். தரையில் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தவளை அவள்தான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அதிலிருந்து போவதும் வருவதும் இவள் முறையாகிவிட்டது.

ஒட்டடை அடித்து முடித்ததும் கம்பைக் கொல்லைக்கு எடுத்துப்போய் அடிபம்பில் கழுவினாள். குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"தரைய வெறும் தண்ணியில தொடைக்கவா, டெட்டால் கிட்டால் வச்சிருக்கியா?"

முத்தமிழ் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இன்னும் எங்கேயோ ஒட்டடை மிச்சமிருக்கிறது போல என்று பங்கஜவல்லியும் நிமிர்ந்து பார்த்தாள். உத்தரம் சுத்தமாக இருந்தது.

குடத்தை இறக்கி வைத்தாள். முத்தமிழின் கண்களை மூடிவிட்டாள். துண்டைக் கிழித்துத் தாடையைக் கட்டினாள். அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. தலைமாட்டில் விளக்கு வைக்கலாமா, தெற்கே தலை வைக்க வேண்டுமா, அவர்கள் வழக்கத்தில் என்ன செய்வார்கள்? கேட்டு வைத்திருக்கலாம். இத்தனை பேச்சில் இதைக் கேட்கத் தோன்றவில்லை. அழலாம் என்று வாயைத் திறந்தாள். கட்டிப்பிடித்து அழ இன்னொரு பெண் இல்லாமல் தனியாக எப்படி ஒப்பாரி வைப்பது? குரல் பாதியில் நின்றுவிட்டது.

முத்தமிழின் போனில் கடைசியாகப் பேசிய பேர் எழில்மதி. கோயில் செபக்கூட்டத்துப் பெண், பால்வாடி டீச்சர். அவள்தான் முதலில் வந்தாள். கோயில் பெண்களை வரவழைத்து, குளிப்பாட்டி, கையில் செபமாலையைச் சுற்றினாள்.

"கிறிஸ்மஸுக்குச் சீலை எதுவும் எடுத்து வச்சிருந்தாங்களாம்மா?"

"இல்ல. வேணாம்னுட்டா." பங்கஜவல்லி தன் வீட்டுக்குப் போய், தீபாவளிக்குக் கீர்த்திகா அனுப்பிய வெளிர்நீலப் புடவையை மடிப்புக் கலையாமல் எடுத்து வந்து கொடுத்தாள்.

முத்தமிழின் மகன் ஆதவன் கத்தாரிலிருந்து வீடியோவில் அழுதான். லீவு கிடைத்தாலும் இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால் டிக்கெட் இல்லை என்றான். "பெரியம்மா, நீங்க இருங்க. நீங்க கூட இருங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். இருபத்தைந்தாம் தேதி அடக்கம் வைக்க முடியாது, நாளைக் காலையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சாமியார் சொல்லியனுப்பினார்.

சாயங்காலம் பங்காளி கோவிந்தராசு வந்து பந்தலுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான். தெட்சிணாமூர்த்தி செத்தபோது எல்லாக் காரியத்தையும் முன்னே நின்று நடத்தியவர்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். அவங்க வழக்கம் வேறயாயிருச்சு. நமக்குத் தீட்டு கெடையாதுன்னு பெரியவங்ககிட்ட கேட்டுட்டேன். என் பையன் மலைக்கு மாலை போட்ருக்கான். ஊருல யாரும் வித்தியாசமா நெனக்க மாட்டாங்க. நீங்களும் மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

"நாளைக்குக் கோயிலுக்கு வரீங்களா?"

அவர் செருப்பைப் பார்த்தார். "பொட்டியத் தெருமொனை வரைக்கும் தூக்கியாறோம் அண்ணி. அதுக்கு மேல எப்புடி?"

சொன்னபடியே தெருமுனை வரை தூக்கினார்கள். அதற்குமேல் வண்டி. வண்டியில் பெட்டிக்குப் பக்கத்தில் பூவத்திலிருந்து ஏறியது பங்கஜவல்லி ஒருத்திதான். காரைக்கால் கடைத்தெருவில் மழைக்கு நனைந்த நட்சத்திரங்கள் தொங்கின. கேக் பெட்டி வாங்க நின்ற கூட்டம் வண்டியைப் பார்த்து விலகி வழி விட்டது. ஒரு பெண் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கோயிலுக்குள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எல்லாரும் எழுந்தபோது எழுந்தாள், முட்டி போட்டபோது போட்டாள். பீடத்துக்குப் பக்கத்தில் வைக்கோல் கூரை போட்ட குடில் பாதி கட்டினபடி நின்றது. சாமியார் "நம் சகோதரி மார்த்தா" என்று பேச ஆரம்பித்தார். யாரைச் சொல்கிறார் என்று பங்கஜவல்லிக்குச் சற்று நேரம் விளங்கவில்லை. விளங்கியதும், இவ்வளவு காலம் சுவருக்கு அந்தப் பக்கம் இந்தப் பேரோடு ஒருத்தி இருந்திருக்கிறாள், ஒரு தடவைகூட அந்தப் பேரில் நாம் கூப்பிடவில்லை என்று நினைத்தாள்.

"மார்த்தா இந்த வருஷம் நல்லாத் தயார் பண்ணிக்கிட்டாங்க" என்றார் சாமியார். "நோயாளிக்குப் பூசுற எண்ணெயோட போனபோது கேட்டேன், என்னம்மா தயாரிப்பு எல்லாம் முடிஞ்சுதான்னு. முடிஞ்சுதுங்க சாமி, எங்கக்கா வீட்டுல பால் குடிச்சேன்னாங்க." அவர் அதற்கு விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த செபத்துக்குப் போய்விட்டார்.

கல்லறையில் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. மார்கழி மாதத்தில் அந்த மண்ணை எங்கே தோண்டினாலும் அப்படித்தான். இரண்டு ஆட்கள் இடுப்பளவு குழிக்குள் நின்று வாளியால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க வந்தது. கடைசியில் மணல் கொட்டி, அதன்மேல் பெட்டியை இறக்கினார்கள்.

"வீட்டுக்காரங்க யாரு? மொதப் புடி மண்ணு போடுங்க" என்றார் குழி வெட்டுகிறவர்.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பங்கஜவல்லி முன்னால் வந்தாள். மண் சேறாக இருந்தது, விரலை விட்டுப் போகவில்லை. உதறிப் போட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். சாமி மாடத்தில் விளக்கு ஏற்றவில்லை. அடுப்பு பற்ற வைக்கவில்லை. தீட்டு இல்லை என்று ஊர் சொல்லிவிட்டது, ஆனால் அவளுக்குக் கை வரவில்லை. துக்க வீட்டில் அடுப்பு எரியாது, பங்காளி வீட்டுச் சோறு வரும். தெட்சிணாமூர்த்தி செத்தபோது மூன்று நாள் முறை வைத்துக் கொண்டுவந்தார்கள். இப்போது அவள் வீடு துக்க வீடு என்பது அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. ஐந்து மணிக்குப் பழக்கதோஷத்தில் பால் சட்டியை எடுத்தாள். எடுத்ததைத் திரும்பக் கவிழ்த்து வைத்தாள். டிவியைப் போடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் விடிந்தபோது தெரு முழுக்க மார்கழிக் கோலம் இருந்தது. அவள் வாசல் மட்டும் வெறும் ஈர மண். கோவிந்தராசு வீட்டுப் பெண் தன் வாசலில் பூசணிப்பூ வைத்துக்கொண்டே இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். கீர்த்திகா போன் பண்ணினாள். "ஏம்மா நீ போயி இதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கிற? சாப்ட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றாள் பங்கஜவல்லி. முந்தின நாள் காலையில் தின்ற இரண்டு பிஸ்கெட்டுக்குப் பிறகு எதுவும் இல்லை. பசி என்று தனியாக எதுவும் தெரியவுமில்லை.

மத்தியானம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எழில்மதி. கிறிஸ்மஸ் நாள், வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள். ஆனால் பழைய காட்டன் புடவையில் வந்திருந்தாள். தலையில் பூ வைத்திருந்து எடுத்திருக்கிறாள், கொண்டை ஊசி மட்டும் இன்னும் கூந்தலில் இருந்தது. ஹேப்பி கிறிஸ்மஸ் என்று சொல்லவில்லை. எப்படி இருக்கீங்க என்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து தூக்குப் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேலடுக்கைத் திறந்து காட்டினாள். வெறும் சோறு. கீழே பருப்புக் குழம்பு, மிளகு ரசம். எதிலும் தாளிதம் இல்லை, துக்க வீட்டுச் சோறு.

"எங்க வீட்டுல இன்னிக்குப் பிரியாணிம்மா. இத தனியா வச்சேன்."

பங்கஜவல்லி தலையை ஆட்டினாள். இருவரும் சுவரில் சாய்ந்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். கூரையிலிருந்து விட்டு விட்டுச் சொட்டியது. எங்கேயோ பையன்கள் வெடி போட்டார்கள். ஒருமுறை பங்கஜவல்லிக்குத் தோள் குலுங்கியது. எழில்மதி திரும்பிப் பார்க்காமல், தரையிலிருந்த அவள் கைமேல் தன் கையை வைத்து எடுத்தாள்.

பிறகு எழுந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்குப் போனாள். பங்கஜவல்லியும் கூடவே எழுந்து நிலைப்படி வரை வந்து, அவள் திரும்பி ஏதாவது சொல்லுவாள் என்று நின்றாள்.

எழில்மதி திரும்பவில்லை. துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போயிட்டு வரேன் என்று சொல்வதில்லை. ஸ்கூட்டரை வாசலில் கிளப்பாமல், கோலங்களை மிதிக்காமல் ஓரமாகவே தள்ளிக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். அங்கே போன பிறகுதான் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

பங்கஜவல்லி கொல்லைக்குப் போய் ஒரு வாழையிலை நறுக்கி வந்தாள். அதைக் கழுவிப் போட்டுவிட்டு, முன்னால் உட்கார்ந்தாள்.