தெரிந்தே விட்ட பிழை

பந்து மேலேயிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது, சிட்னி வெயில் கண்ணைக் குத்துகிறது, எதிரே தடியன்கள் ஒரு வரிசையாக ஓடி வருகிறார்கள், நான் பந்தை நெஞ்சோடு அணைத்து அந்த வரிசைக்குள் தலையைக் கொடுக்க வேண்டும், றக்பி லீக்கில் முன்வரிசைக்காரனுக்கு வேறு வேலையில்லை, முட்டு, விழு, எழும்பு, மறுபடி முட்டு, சனம் கத்துகிறது, நடுவில் யாரோ அப்பா என்று கூப்பிடுகிறார்கள், மைதானத்தில் என்னை அப்பா என்று கூப்பிட யார் இருக்கிறார்கள், திரும்பினால் எங்கள் வீட்டு சோபா, மகள் ஆரபி தோளைப் பிடித்து உலுக்குகிறாள், அப்பா, தேத்தண்ணி ஆறிப்போச்சு. எட்டு வயதுப் பிள்ளை, என்னைப் பார்க்கும்போது கொஞ்சம் பயந்துதான் பார்க்கிறாள்.

யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒன்றில் கிரிக்கெட் விளையாடுவான், இல்லாவிட்டால் டொக்டருக்குப் படிப்பான், இரண்டும் இல்லாமல் நான் இந்த முட்டுக்குப் போனேன், ஒரு கிளப் சம்பளத்துக்கு எடுத்தது என்றதும் தமிழ்ச் சங்கம் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியது, தலைவர் மைக்கைப் பிடித்து எங்கள் இனத்தின் கிரிக்கெட் வீரர் என்றார், முன்வரிசையில் என் அப்பா கைதட்டினார், ஒரு சனமும் எழும்பித் திருத்தவில்லை, அட, என்ன விளையாட்டு என்று கேட்கக்கூட ஒருவருக்கும் நேரமில்லை. முதல் வருடப் பயிற்சி தொடங்குமுன் எங்களை ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் கூப்பிட்டார்கள், ஐந்து சொல் சொல்வார்கள், கொஞ்சம் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், அந்த மார்க்கை எடுத்து வைத்துக்கொள்வார்கள், ஆட்டத்தில் தலையில் அடிபட்டால் அதே சோதனை, மார்க் குறைந்தால் வெளியே இரு. வாசலில் செமிசி என் தோளைப் பிடித்தான், டொங்காத் தீவுக்காரன், என்னோடு முன்வரிசையில் முட்டுகிறவன், எனக்கு மூத்தவன், அவன் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும், டேய், உள்ளுக்குப் போய்க் கெட்டிக்காரன் வேலை காட்டாத, ரெண்டு சொல்லைத் தெரிஞ்சே விட்டிடு, பிறகு மண்டை கலங்கினாலும் மார்க் குறையாது, ஒரு கிழமை நீ வெளிய இருந்தா உன்ர சட்டையை வேறொருத்தன் போட்டிடுவான். எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், எனக்கு ஐந்தும் தெரிந்தது, மூன்றைச் சொன்னேன், தலையைச் சொறிந்து நன்றாக நடித்தேன், ஒவ்வொரு வருடமும் நடித்தேன். அடிபட்டு அறைக்குள் கொண்டுபோனால் எப்படியோ மூன்று சொல் வாயில் வரும், போ விளையாடு என்பார்கள், நான் திரும்பி ஓடி வர சனம் எழும்பி நின்று கத்தும், அந்தக் கத்தல் மட்டும் இப்போதும் காதில் கிடக்கிறது, எந்த ஆட்டம், யார் வென்றது, ஒன்றும் இல்லை. எங்கட கலியாண நாளிலை மழை ஊத்தினது என்கிறாள் நிரோஜினி, என் மனைவி, எனக்கு வெயில்தான் தெரிகிறது, மைதானத்து வெயில், மணவறையில் புல் முளைத்திருக்கிறது.

போன மாசம், போன மாசமா, அதற்கு முந்தியா, ஆரபி நீச்சல் வகுப்பு முடிந்து ஈரத்தலையோடு வாசலில் நிற்கிறாள், கூட்டிவரப் போன நான் அவளை விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு போட்டுச் சாப்பிடுகிறேன், நிரோஜினி வேலையால் வந்து பிள்ளை எங்கை என்கிறாள், எந்தப் பிள்ளை என்று கேட்டேனாம். அதோடு முடிந்தது, இனி ஆரபியை உங்களோட தனிய விடமாட்டன், உங்களுக்கு உங்களைத் தவிர ஒருத்தரும் முக்கியமில்லை, என்றாள். எனக்கு ஒரு கேடயமும் வேண்டாம், ஒரு டொக்டர் இவளைப் பார்த்து, இந்த மனிசனுக்குப் பிள்ளையில் பாசம் இல்லாமலில்லை, அடிபட்ட தலை அம்மா இது, என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் கிளப்பிலிருந்து எடுப்பித்த பழைய மார்க்கையும் புது மார்க்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார், நல்ல செய்தி, இருபத்தொரு வயதில் ஐந்தில் மூன்று, இன்றைக்கும் ஐந்தில் மூன்று, விளையாட்டு உங்களை ஒன்றும் செய்யவில்லை, நீங்கள் ஆதியிலிருந்தே இப்படித்தான். நாசமாய்ப் போக, எனக்கும் சிரிப்புத்தான் வந்தது.

காரில் எல்லாவற்றையும் நிரோஜினிக்குச் சொன்னேன், அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள், அப்ப பொய் சொன்னனீங்கள், சரி, இப்ப சொல்லுறது உண்மையெண்டு நான் எப்பிடி நம்புறது. செமிசியைக் கேள் என்றேன், அவன் அதே கிளப்பில் இப்போது பயிற்சியாளன், அவள் முன்னாலேயே போன் போட்டு ஸ்பீக்கரில் விட்டேன், அந்த அறை, அந்த வாசல், நீ சொன்னது, ஒருதரம் இவளுக்குச் சொல்லடா என்றேன். அப்பிடி ஒண்டும் எனக்கு ஞாபகமில்லை மச்சான், என்றான். மூளை முழுசாக இருக்கிற நாய்க்கு ஞாபகமில்லையாம். நிரோஜினி போனை எடுத்து என் மடியில் வைத்தாள்.

ஆறின தேத்தண்ணியைக் குடிக்கிறேன், ஆரபி முன்னால் சம்மணம் கொட்டி உட்கார்ந்திருக்கிறாள், அந்தச் சோதனைக் கதையெல்லாம் எங்கள் சண்டையில் கேட்டிருக்கிறாள், குரலைத் தாழ்த்துகிறாள், அப்பா, நான் அஞ்சு சாமான் சொல்லுவன், நீங்க அஞ்சையும் திருப்பிச் சொன்னா அம்மா அதைப் பார்ப்பா, பிறகு நீங்களே என்னை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம், சரியா. குடை, வாழைப்பழம், நாய், பஸ், தொப்பி. வாழ்க்கையில் முதல்தரம் உண்மையாக முயல்கிறேன், இதில் நடிப்பில்லை, குடை, நாய், அடுத்தது, அடுத்தது தொப்பி, பிறகு ஒரு வெள்ளை, வெறும் வெள்ளை, நெற்றியில் வேர்க்கிறது, கண்ணை இறுக்கி மூடித் தேடுகிறேன், கதிரையோ, கதவோ, மணவறையோ, இல்லை, இல்லை. கண்ணைத் திறந்தால் குசினி வாசலில் நிரோஜினி, வெங்காயம் வெட்டுவதை விட்டுவிட்டு வந்து நிற்கிறாள், இவ்வளவு நேரமும் பார்த்திருக்கிறாள், அவள் முகம் உருகிப்போயிருக்கிறது, நம்பப் போகிறாள், கடவுளே, கடைசியில் நம்பப் போகிறாள். ஆனால் ஆரபியின் உதடு பிதுங்குகிறது, கண் நிறைகிறது, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள், அப்பா, நீங்க சும்மாதானே பிழையாச் சொன்னீங்கள்.

ஓம் குஞ்சு, சும்மாதான் சொன்னனான், அப்பாவுக்கு அஞ்சும் தெரியும், என்று சிரிக்கிறேன், தலையைச் சொறிந்துகொண்டு, நன்றாகவே சிரிக்கிறேன், பிள்ளையும் சிரித்து என் மேல் பாய்கிறாள். நிரோஜினி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போகிறாள், மறுபடி வெங்காயம் வெட்டுகிற சத்தம் கேட்கிறது.