இராஜம்மாவின் படம்

தம்புசாமி அண்ணன் முதன்முதலில் என் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது ஒரு புகைப்படம் கேட்டுத்தான். 1990 மார்ச் மாதம். பந்திங் என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனையில் குலை வெட்டுகிறவர். மனைவி இராஜம்மா வாய்ப்புற்றுநோயில் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. இறப்பைப் பதியப் போன இடத்தில் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அது விதி. அந்த அட்டையில் இருந்ததுதான் அவளுடைய ஒரே படம் என்பது, வீட்டுக்குத் திரும்பிப் படம் மாட்ட ஆணி அடித்த பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் கேட்டிருக்கிறார். அவர்கள் வழக்கம்போல என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

ஃபைலில் நான்கு படங்கள் இருந்தன. நான்கும் அவள் வாய்க்குள்ளே எடுத்தவை. புகையிலையும் வெற்றிலையும் அடக்கி அடக்கிப் புண்ணான இடது கன்னம். அதையா ஒரு மனுஷனிடம் கொடுத்து, சுவரில் மாட்டிக்கொள் என்பது?

"படம் இல்லண்ணே," என்றேன்.

அவர் சண்டை போட்டிருந்தால் பேசாமல் அனுப்பியிருப்பேன். சரி என்று தலையாட்டிவிட்டு, நாற்காலியைச் சத்தம் வராமல் நகர்த்தி வைத்தார். அது எனக்குத் தாங்கவில்லை. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன்.

"ஆனா அவங்க கன்னத்துல எடுத்த துண்டு இங்க வளருது. உயிரோடதான் இருக்கு. பார்க்கிறீங்களா?"

அதுதான் என் வேலை. வாய்ப்புற்று செல் தான் பிறந்த இடத்தோடு நிற்காமல் அடுத்த தசைக்குள் எப்படி நுழைகிறது என்று பார்ப்பது. எலிவாலில் இருந்து எடுத்த கொலாஜன் புரதத்தைக் கூழாக உறையவைத்து, அதன் மேல் செல்களைப் பரப்பி, எத்தனை நாளில் எவ்வளவு ஆழம் இறங்குகின்றன என்று அளப்பேன். செல்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி தவறாமல் ஊட்டச்சத்து நீர் மாற்ற வேண்டும். பொங்கலோ பொதுத்தேர்தலோ அவற்றுக்குத் தெரியாது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. கிள்ளானில் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கியை மூடிவிட்டு எங்கள் குடும்பம் காரைக்குடிக்குத் திரும்பியபோது நான் மட்டும் இங்கேயே தங்கிவிட்டேன். அண்ணன்மார் கல்யாணம், காதுகுத்து என்று கூப்பிடும்போதெல்லாம் "செல்லுக்குச் சோறு போடணும்" என்பேன். ஏழெட்டு வருஷத்தில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நாற்பத்தொரு வயதில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறை, ஒரு மின்விசிறி, ஒரு தட்டு. தெய்வானை என்ற என் பெயரை வேலைக்கு வெளியே கூப்பிட ஆளில்லை.

தம்புசாமி அண்ணன் அன்று மைக்ராஸ்கோப்பில் இருபது நிமிஷம் பார்த்தார். பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை வந்தார். துண்டில் சுற்றிய அவித்த மரவள்ளிக்கிழங்கை என் மேசையில் வைப்பார். குனிந்து, கண்ணை லென்ஸில் பதித்து, மெல்லிய குரலில் பேசுவார்.

"சின்னவன் லோரி லைசென்ஸ் எடுத்துட்டான்லா. கோழி ரெண்டை உடும்பு புடிச்சிட்டுப் போச்சு. பக்கத்து வீட்டு பவுனம்மா ஒன்னைப் பத்திக் கேட்டுச்சு."

நான் வேலையாக இருப்பதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். மாதத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் என் காதில் வீட்டுப் பேச்சு விழும். எனக்காகப் பேசவில்லை என்று தெரியும். இருந்தாலும் ஒரு வார்த்தை விடமாட்டேன். கிளம்பும்போது அவர் "வரேன் மிஸி" என்பார். நான் நர்ஸ் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அந்த "வரேன்" ஒரு மாதத்துக்குப் போதும்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் அவர் லென்ஸிலிருந்து தலையை எடுத்து, "மிஸி, முன்ன எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்திச்சு. இப்ப தனித்தனியா ஓடுதே," என்றார்.

எனக்கு ஒரே பெருமை. மூன்று மாதமாக அந்த செல்கள் கூழுக்குள் முன்பைவிட மூன்று மடங்கு ஆழம் இறங்கிக்கொண்டிருந்தன. கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாக நுழையக் கற்றுக்கொண்டுவிட்டன என்று ஒரு கட்டுரையே எழுதி அனுப்பியிருந்தேன். அதை அவருக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அவ அப்படித் தனியா ஓடுற ஆளு இல்ல மிஸி," என்றார். படிக்காத மனுஷன், பாசத்தில் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாதக் கடைசியில், குரோமோசோம் பார்க்கும் ரமணி கீழ்த்தளத்திலிருந்து போன் செய்தாள்.

"தெய்வானை, உன்னோட அந்த பந்திங் பேஷன்ட் பொம்பளதானே?"

"ஆமா. ஏன்?"

"நீ கொடுத்த செல்லுல ஒய் குரோமோசோம் இருக்கு. பத்து ஸ்லைடு பார்த்துட்டேன். இது ஆம்பள."

போனை வைத்த உடனே எனக்கு நாள் உட்பட ஞாபகம் வந்துவிட்டது. 1990 தீபாவளி. கட்டடத்தில் நான் ஒருத்திதான். ஜன்னலுக்கு வெளியே யாரோ பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். அன்று இரண்டு வகை செல்களுக்கு நீர் மாற்ற வேண்டும்: இராஜம்மாவுடையது ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ ஓர் ஆணின் நாக்குப்புற்று ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி பாட்டில், தனி குழாய். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லித்தரும் பாடம் அது. அன்று நான் அழுதுகொண்டிருந்தேன். இன்னொரு பாட்டிலைத் திறக்க மனசில்லை. ஒரே பாட்டிலில், ஒரே குழாயில் இரண்டு பேருக்கும் ஊற்றினேன். ஒரு துளி போதும். வேகமாக வளருகிறது மெதுவாக வளருகிறதை இரண்டே மாதத்தில் தின்றுவிடும். செல் அடுத்தவர் இடத்தில் எப்படி நுழைகிறது என்று ஆராய்கிறவளின் மூக்குக்குக் கீழேயே அது நடந்து முடிந்திருக்கிறது. கண்டுபிடித்தவர் தம்புசாமி அண்ணன்.

கட்டுரையைத் திரும்பப் பெறக் கடிதம் எழுத அரை மணி நேரம்தான் ஆயிற்று. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். என்னைத் தூங்கவிடாமல் செய்தது வரப்போகிற சனிக்கிழமை. உண்மையைச் சொன்னால் அவர் இங்கே வருவதற்குக் காரணமே இல்லை. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? அவர் யாரோ ஒருவனிடம் கோழிக்கதை பேசிக்கொண்டிருப்பார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்படியெல்லாம் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

திரவ நைட்ரஜன் தொட்டியில், அந்தத் தீபாவளிக்கு முன்பு உறையவைத்த இரண்டு குப்பிகள் இருந்தன. முதல் குப்பியை இளக்கினேன். அத்தனையும் செத்துப்போய் மிதந்தன. இரண்டாவதில் ஒரே ஒரு சிறு திட்டு டிஷ்ஷின் அடியில் ஒட்டிக்கொண்டது. ஒன்றோடொன்று நெருக்கியடித்துக்கொண்டு. ஓரத்தில் இருந்தவை மட்டும் சோம்பலாக இரண்டாகப் பிரிந்து பெருகிக்கொண்டிருந்தன.

சனிக்கிழமை அவர் கிழங்கை மேசையில் வைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். உட்காரச் சொல்லி, தீபாவளி, பாட்டில், ஒரு துளி, எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். அவர் துண்டின் முடிச்சைப் பிடித்தபடியே கேட்டார்.

"அப்ப இத்தன மாசம் நான் யார்கிட்ட பேசிட்டு இருந்தேன்?"

"யாரோ ஒரு ஆம்பள. எந்த ஊருன்னுகூட தெரியாதுண்ணே."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அந்த ஆளைப் பார்க்க யாரும் வரலியா?"

"இல்லண்ணே."

"பாவம்லா," என்றார்.

கடைசித் திட்டு இருந்த டிஷ்ஷை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். பார்த்தார். உதடு அசையவில்லை.

"இது அவதானா மிஸி?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் இரண்டு மூன்று சனிக்கிழமை எனக்குக் கிடைத்திருக்கும்.

"தெரியாதுண்ணே. அவங்கன்னுதான் நினைக்கிறேன். ஆனா தப்பு அதுக்கு முன்னாடியே நடந்திருந்தா? குரோமோசோமை எண்ணிப் பார்த்தாத்தான் நிச்சயம். எண்ணணும்னா அந்த செல்லைக் கொல்லணும். இருக்கிறது இவ்வளவுதான். விட்டா இன்னும் பத்து நாள்ல பெருகுறது நின்னுடும். அப்புறம் எண்ணவே முடியாது."

அவர் திரும்பவும் குனிந்து பார்த்தார்.

"எண்ணிடுங்க," என்றார். "யாருன்னு தெரியாமப் பேசினது போதும்."

எழுந்து, நாற்காலியைச் சத்தம் வராமல் நகர்த்தி வைத்துவிட்டு நடந்தார். வாசலில் நின்று திரும்பவில்லை. துக்கவீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் "வரேன்" என்று சொல்லிக்கொள்ளமாட்டார்கள். அவரும் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

திங்கட்கிழமை, செல்கள் இரண்டாகப் பிரியும்போதே நிறுத்திவிடும் மருந்தை ஊற்றினேன். புதன்கிழமை ரமணியும் நானும் மாறி மாறி எண்ணினோம். ஒய் இல்லை. அந்த ஆணின் செல்களில் தவறாமல் இருக்கும் ஒரு நெட்டைக் குரோமோசோமும் இல்லை. பிரித்துப் பார்த்த ஒவ்வொன்றிலும் அப்படித்தான். அது இராஜம்மாதான். சந்தேகமே இல்லை. ரமணி என் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். நான் காலியான டிஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. வரமாட்டார் என்று தெரிந்தும் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தேன். பிறகு மேசையில் இருந்த உறையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கிள்ளானில் இறங்கி மாறி, பந்திங்கில் இறங்கித் தோட்டத்து லோரிக்குக் காத்திருந்து, போய்ச் சேர மூன்று மணி நேரம். பதினாறு மாதம் அவர் இப்படித்தான் வந்துபோயிருக்கிறார். எப்படி வருகிறீர்கள் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

வாசலில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தார். "அவங்கதாண்ணே," என்று சொல்லி உறையை நீட்டினேன். பெரிதாகக் கழுவி எடுத்த படம். சாம்பல் நிறத் தாளில் கறுப்புக் கறுப்பாக எழுபது குரோமோசோம் துணுக்குகள்; நாற்பத்தாறு இருக்க வேண்டியது, புற்றில் கூடிப்போயிருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது வேற யாருக்கும் இப்படி இருக்காதா?"

"இருக்காதுண்ணே. இது அவங்களோடது மட்டும்தான்."

உள்ளே அழைத்துப் போனார். முன்னறைச் சுவரில் அந்த ஆணி இன்னும் வெறுமனே இருந்தது. படத்தை ஆணியருகே பிடித்தார். இப்படி ஒரு தடவை, அப்படி ஒரு தடவை திருப்பினார்.

"மிஸி, எது மேல்பக்கம்?"

அப்படி ஒரு படத்துக்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது. வாங்கிப் பின்பக்கம் திருப்பினேன். பேனாவால் 'இராஜம்மா' என்று எழுதி, பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டேன். நான் தெரிந்தே எழுதிய ஒரே தப்பான குறிப்பு அதுதான்.

அவர் படத்தை மாட்டி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார். தேநீர் கொடுத்தார். நாலு மணி பஸ்ஸுக்கு எழுந்தேன். வாசல் வரை வந்துவிட்டேன். இது துக்கவீடா, இல்லையா என்று தெரியவில்லை. பேசாமல் செருப்பை மாட்டினேன்.

"மிஸி," என்றார் பின்னாலிருந்து. "சொல்லிட்டுப் போங்க."

"வரேண்ணே," என்றேன்.